பீட்டில்ஸ் கார்ட்டூனில் பாட்டு ஏன் சுருதி ஏறிக் கேட்கிறது?

தட்டுப்பிரியன் · பிப்ரவரி 11, இரவு 9:42

1965இல் அமெரிக்காவின் ஏபிசி டிவி போட்ட, பீட்டில்ஸ் பாட்டுக்குழுவின் நால்வரை வைத்த கார்ட்டூன் தொடர். கையில் இருப்பது இருபது கோப்பு, யாரோ எப்போதோ டேப்பில் பிடித்துக் கணினிக்கு மாற்றியவை. பாட்டு ரெக்கார்டில் கேட்பதைவிட மேலே நிற்கிறது. பேச்சுக் குரலோ நால்வரில் ஒருவருடையது போலவும் இல்லை. என் கணிப்பு: பாட்டையும் வேறு ஆட்களை வைத்துப் பாடவைத்து ஏமாற்றியிருக்கிறார்கள். சரிதானே?

24ஃபிரேம் · பிப்ரவரி 11, இரவு 10:15

பேச்சில் சரி, பாட்டில் தப்பு. தொடரில் ஓடும் பாட்டெல்லாம் அவர்களுடைய வெளிவந்த பதிவுகளே. எடுத்தது கிங் ஃபீச்சர்ஸ் நிறுவனம், தயாரிப்பாளர் அல் பிரோடாக்ஸ். பாட்டு கிடைத்தது, பேச நால்வரும் வரவில்லை. அதனால் பேச்சு முழுக்க இரண்டே பேர் வாயில் ஓடுகிறது: ஜானுக்கும் ஜார்ஜுக்கும் பால் ஃப்ரீஸ், பாலுக்கும் ரிங்கோவுக்கும் லான்ஸ் பெர்சிவல்.

சுருதி ஏறியதற்கு வேகம்தான் காரணம். படச்சுருள் விநாடிக்கு 24 ஃபிரேம், ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் இருந்த பால் (PAL) முறை டிவி 25. சுருளை 25இல் ஓட்டிப் பதிந்தால் வேகம் 4.17 சதவீதம் கூடும். சுருதி ஒரு செமிடோனில் பத்தில் ஏழு பங்கு ஏறும். நம் கட்டைக் கணக்கில் அரைக் கட்டைக்குக் கொஞ்சம் குறைவு. அடுத்த சுரத்துக்கே போயிருந்தால் காது பழகிக்கொள்ளும். நடுவில் தொங்குவதால்தான் கூட வாசித்துப் பார்க்கிறவனுக்குப் பல் கூசுகிறது.

சோதனை எளிது. ரெக்கார்டில் 60 விநாடி ஓடும் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளவும். பிரதியில் அதே துண்டு 57.6 விநாடியில் முடிந்தால் இந்த நோய்தான். மருந்து: ஒலியைத் தனியாக எடுத்து அடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் கட்டளையில் பெருக்கம் 0.96. டெம்போ கட்டளையைத் தொடவேண்டாம், அது நீளத்தை மட்டும் இழுத்துவிட்டுச் சுருதியை ஏறியபடியே விட்டுவிடும். படத்தின் ஃபிரேம் வேகத்தையும் 24 என்று மாற்றி எழுதி, ஒலியை மறுபடி ஒட்டவும்.

ஒயர்மேன் · பிப்ரவரி 11, இரவு 10:31

இந்த இழையில இப்பவே மூணு பால் வந்தாச்சு. மெக்கார்ட்னி பால், குரல் கொடுத்த ஃப்ரீஸ் பால், டிவி முறை பால். நாலாவது பால் டீக்கடையில.

தட்டுப்பிரியன் · பிப்ரவரி 13, காலை 6:50

இருபதையும் மாற்றினேன். பதினொன்று ரெக்கார்டோடு ஒட்டி நிற்கிறது. ஒன்பது இப்போது கீழே போய்விட்டது, ஜான் தூக்கத்தில் பாடுகிறார். சரியான பதினொன்றிலும் ஒரு கோளாறு: ஆரம்பத்தில் வாயும் பேச்சும் சேர்ந்து வருகின்றன, கடைசியில் இரண்டு விநாடிக்கு மேல் பிரிகின்றன. பெருக்கம் என்ற பெட்டி கண்ணில் படவில்லை, சதவீதப் பெட்டியில் −4.17 போட்டேன்.

24ஃபிரேம் · பிப்ரவரி 13, காலை 7:20

இரண்டாவது கோளாறுக்கு விடை உங்கள் கடைசி வரியிலேயே இருக்கிறது. 24இலிருந்து 25க்கு ஏறும்போது 4.17. 25இலிருந்து 24க்கு இறங்கும்போது 4 மட்டும்தான். நூறு ரூபாய் பொருளுக்கு 25 சதவீதம் விலை ஏற்றினால் 125, திரும்ப நூறாக்க 20 சதவீதம் குறைத்தால் போதும், அதே கணக்கு. 22 நிமிடக் கோப்பு சரியாக இறங்கினால் 1375 விநாடி. −4.17 போட்டால் ஏறத்தாழ 1377.4. அந்த 2.4 விநாடிதான் கடைசியில் பிரிகிறது. சதவீதப் பெட்டிதான் வேண்டுமென்றால் −4 போடுங்கள்.

இன்னொரு குழி. சில மென்பொருள் 24 என்று காட்டிவிட்டு உள்ளே 23.976 எழுதும். வித்தியாசம் ஆயிரத்தில் ஒன்று. காதுக்குத் தெரியாது, 23 நிமிடத்தில் வாய் 1.4 விநாடி விலகும். படம் 23.976 என்றால் ஒலிக்கு 0.95904. எதை எடுத்தாலும் இரண்டுக்கும் அதையே எடுக்கவும்.

ஒன்பது கோப்பு ஏன் கீழே போனது என்பது புரியவில்லை. மற்றவர்கள் சொல்லட்டும்.

ஒயர்மேன் · பிப்ரவரி 13, பிற்பகல் 1:05

நான் சொல்றேன். 25ஃபிரேம்னு காட்டுற கோப்பெல்லாம் ஒரே ஜாதி இல்ல. ஒண்ணு, படச்சுருளையே 25இல ஓட்டிப் பிடிச்சது. அது ஏறும். இன்னொண்ணு, அமெரிக்காவுல என்டிஎஸ்சி (அவங்க டிவி முறை) டேப்புல பிடிச்சதை அப்புறமா கன்வெர்ட்டர் பெட்டியில போட்டு பால் ஆக்கினது. பெட்டி வேகத்தைத் தொடாது. விநாடிக்கு 29.97 படத்தை 25க்குள்ள திணிக்கணும், அதனால பக்கத்து பக்கத்துப் படங்களைக் கலக்கும். ஓடுற நேரம் மாறாது, சுருதியும் மாறாது. சரியா இருந்ததை நீங்க 0.96ல இழுத்துக் கீழ தள்ளிட்டீங்க.

கண்டுபிடிக்க: ஒரு கை அசையுற இடத்துல நிறுத்தி ஒவ்வொரு ஃபிரேமா தள்ளுங்க. எல்லா ஃபிரேமும் துடைச்ச மாதிரி தெளிவா இருந்தா ஏறின ரகம். நாலஞ்சு ஃபிரேமுக்கு ஒரு தடவை ஒரு கை ரெண்டு கையா, ஒண்ணு ஆவி மாதிரி மங்கலா தெரிஞ்சா கன்வெர்ட்டர் ரகம். அதை விட்டுடுங்க. கலந்த படத்தைப் பிரிக்க முடியாது, அசல் என்டிஎஸ்சி டேப்பைத் தேடறதுதான் வழி.

24ஃபிரேம் · பிப்ரவரி 13, பிற்பகல் 1:40

ஒப்புக்கொள்கிறேன். என் முதல் குறிப்பில் 60 விநாடிச் சோதனையைக் கோப்புக்குக் கோப்பு செய்யச் சொல்லியிருக்க வேண்டும். தொகுப்பு என்று ஒருவர் கொடுத்தாலும் உள்ளே பத்துப் பேர் டேப்பு இருக்கும். 1980களில் அமெரிக்க கேபிளில் மறுஒளிபரப்பு வந்தபோது பிடித்தது ஒரு பக்கம், சுருளிலிருந்து வந்தது ஒரு பக்கம். 1990களில் பீட்டில்ஸின் சொந்த நிறுவனமான ஆப்பிள் கோர் உரிமையை வாங்கிக்கொண்டது. இன்றுவரை முழுத் தொடராக வீட்டு வெளியீடு கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க அசல் என்று ஒன்று கடையில் இல்லாததால்தான் இத்தனை சோதனை.

தட்டுப்பிரியன் · பிப்ரவரி 13, இரவு 8:12

ஒன்பதில் எட்டு ஆவி ரகம். பழைய ஒலியைத் திரும்ப ஒட்டிவிட்டேன். ஒன்று மட்டும் பிடிபடவில்லை, பிறகு எழுதுகிறேன். 29.97 என்று காட்டும் கோப்பு கிடைத்தால் அப்படியே வைத்துக்கொள்ளலாமா? அசைவு வரும் இடத்தில் சீப்புப் பல் போலக் கோடு கோடாக வருகிறதாமே.

24ஃபிரேம் · பிப்ரவரி 14, காலை 7:05

அது டெலிசினி, படச்சுருளை வீடியோவாக மாற்றும் முறை. நான்கு படச்சுருள் ஃபிரேமை ஐந்து வீடியோ ஃபிரேமாக விரிப்பார்கள். ஒரு படத்துக்கு இரண்டு புலம் (ஒன்றுவிட்டு ஒரு வரியாக எடுத்த பாதிப் படம்), அடுத்ததற்கு மூன்று, மறுபடி இரண்டு, மூன்று. ஐந்தில் மூன்று தெளிவாகவும் இரண்டு சீப்புப் பல்லாகவும் இருக்கும். புலங்களைத் திரும்பச் சேர்த்து, ஐந்துக்கு ஒன்றைக் கழித்தால் 23.976 கிடைக்கும். டீஇன்டர்லேஸ் பொத்தானை அழுத்தினால் பல் மறையும், கூடவே பாதித் தெளிவும் போகும். அதைச் செய்யவேண்டாம்.

இந்தத் தொடரில் தானியங்கிக் கழித்தல் அடிக்கடி தவறும். ஐந்தில் எது இரட்டிப்பு என்று மென்பொருள் தேடுகிறது. இங்கே ஒரே ஓவியம் பல ஃபிரேம் அசையாமல் நிற்பதால் எல்லாமே இரட்டிப்பாகத்தான் தெரியும். தவறானதைக் கழித்துவிடும். பின்னணி பக்கவாட்டில் நகரும் இடத்தில் விநாடிக்கு ஓரிரு முறை விக்கல் எடுத்தால் அதுதான் காரணம். வரிசையைக் கையால் பூட்டிவிடுங்கள், டேப்பில் வெட்டு வரும் இடங்களில் மட்டும் புதிதாகக் குறியுங்கள்.

மசிக்கோடு · பிப்ரவரி 16, இரவு 11:20

வேகம் பற்றியே பேசுகிறீர்கள். வேகத்தைச் சரிசெய்த பிறகும் தலையாட்டல் தாளத்தில் விழாத இடங்கள் கண்ணில் படலாம். அதற்குப் பிரதி பொறுப்பில்லை, வரைபலகைதான்.

முதல் பகுதியின் பாட்டு 'ஐ வான்ட் டு ஹோல்ட் யுவர் ஹேண்ட்', கடலடியில் மூழ்குகூண்டில் நால்வரும். அந்தப் பாட்டு நிமிடத்துக்குச் சுமார் 131 தட்டு. ஒரு நிமிடத்தில் 1440 ஃபிரேம். வகுத்தால் தட்டுக்கு 11. இந்தப் பதினொன்றுதான் தலைவலி. டிவி கார்ட்டூனில் ஒரு ஓவியத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்துவது வழக்கம், அப்போதுதான் நிமிடத்துக்கு 1440க்குப் பதில் 720 ஓவியத்தில் தப்பிக்கலாம். பதினொன்றை இரண்டால் வகுத்தால் மிச்சம் விழுகிறது. ஆறு ஓவியத்தில் தலையாட்டல் சுழற்சி போட்டால் 12 ஃபிரேம். தட்டுக்கு ஒரு ஃபிரேம் பின்னே போகும். ஆறாவது தட்டில் பாதித் தட்டு விலகிவிடும், தாளம் கீழே அடிக்கும்போது தலை மேலே நிற்கும். ஒழுங்காகச் செய்ய ஐந்து ஓவியத்தை இரண்டிரண்டாகவும் ஒன்றை ஒற்றையாகவும், எந்த ஓவியம் எத்தனை ஃபிரேம் நிற்கும் என்று எழுதும் எக்ஸ்போஷர் ஷீட்டில் குறிக்கவேண்டும். சுழற்சியைத் திரும்பத் திரும்பப் போடும் அவசரத்தில் முதலில் பலியாவது அந்த ஒற்றைதான்.

120 தட்டுப் பாட்டு என்றால் சரியாக 12. பாட்டுக்குப் பாட்டு ஆட்டம் ஒட்டுவதும் ஒட்டாததும் இதில்தான் இருக்கிறது. ஒரு கைக்கணினி எடுத்து 1440ஐத் தட்டு எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள், எந்தப் பாட்டு தொல்லை கொடுக்கும் என்று பார்ப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.

தட்டுப்பிரியன் · பிப்ரவரி 17, காலை 6:30

சரி, பெர்சிவல் தென் இங்கிலாந்துக்காரர். ஃப்ரீஸ் அமெரிக்கர். லிவர்பூல்காரர் ஒருவர்கூடக் கிடைக்கவில்லையா?

24ஃபிரேம் · பிப்ரவரி 17, காலை 8:45

கிடைக்காமல் இல்லை, வேண்டாம் என்றுதான். சனிக்கிழமை காலை பத்தரைக்கு அமெரிக்கப் பிள்ளைகள் பார்க்கும் நிகழ்ச்சி. அசல் லிவர்பூல் பேச்சு அவர்களுக்குப் புரியாது என்பது பிரோடாக்ஸின் கணக்கு. முதல் ஒளிபரப்பு 1965 செப்டம்பர் 25. அன்று அந்நேரம் டிவி ஓடிய வீடுகளில் 52 சதவீதம் இதைப் பார்த்ததாக மதிப்பீடு. கணக்கு பலித்தது என்று அவர்கள் நினைத்ததில் வியப்பில்லை. நால்வருக்கு ஆரம்பத்தில் அந்தக் குரல்கள் பிடிக்கவில்லை. பிற்காலத்தில் ஜான் லெனனும் ஜார்ஜ் ஹாரிசனும் ரசித்துப் பார்த்ததாகச் சொன்னார்கள், ஹாரிசன் சொன்னதில் கிண்டலும் சேர்ந்திருந்தது.

ஃப்ரீஸ்தான் 'ராக்கி அண்ட் புல்விங்கிள்' கார்ட்டூன் தொடரில் வில்லன் போரிஸ் பாடெனோவின் குரல். அதைத் தெரிந்துகொண்டு ஜார்ஜ் பேசுவதைக் கேட்டால் பிறகு ஜார்ஜாகக் கேட்காது. மன்னிக்கவும், கெடுத்துவிட்டேன்.

ஒயர்மேன் · பிப்ரவரி 17, பிற்பகல் 12:50

மெக்கார்ட்னி இடதுகை. சில கோப்புல வலதுகையால பேஸ் வாசிக்கிறாரு. செல்லை (ஓவியம் தீட்டுற கண்ணாடித்தாள்) புரட்டிப் போட்டுப் படம் பிடிச்சிருப்பாங்க, மிச்சம் பிடிக்கிற வேலை.

மசிக்கோடு · பிப்ரவரி 17, இரவு 10:05

செல்லைப் புரட்ட முடியாது. கோடு முன்பக்கம், வண்ணம் பின்பக்கம். புரட்டினால் வண்ணத் திட்டு முன்னே வந்து கோட்டை மூடிவிடும், முகம் பூச்சு உதிர்ந்த சுவர் மாதிரி இருக்கும். பக்கம் மாற்றவேண்டுமானால் காகித ஓவியத்தை விளக்குமேசையில் திருப்பிப் போட்டு, புது செல்லில் கோடிழுத்து, மறுபடி வண்ணம் பூசவேண்டும். மிச்சமாவது வரைபவரின் நேரம் மட்டும், கோடிழுப்பவருக்கும் வண்ணக்காரருக்கும் முழுவேலைதான். அப்படிச் செய்யும்போது கிதார் கை மாறும், மேலங்கியின் பித்தான் பக்கமும் மாறும்.

ஆனால் முதலில் வேறொன்றைப் பாருங்கள். டிரம்மில் அல்லது சுவரில் எழுத்து இருக்கிறதா? எழுத்தும் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறி இருந்தால் படம் முழுவதையும் யாரோ திருப்பியிருக்கிறார்கள். இணையத்தில் ஏற்றுகிறவர்கள் தானியங்கிக் கண்காணிப்புக்குத் தப்ப இப்படித் திருப்புவது உண்டு. எழுத்து நேராக இருந்து கை மட்டும் மாறியிருந்தால்தான் ஓவியரைக் குறை சொல்லலாம்.

ஒயர்மேன் · பிப்ரவரி 17, இரவு 10:20

எழுத்தும் திரும்பித்தான் இருக்கு. ஓவியர்கிட்ட மன்னிப்பு. திருப்பின கோப்பை மறுபடி திருப்பினா போதுமா?

மசிக்கோடு · பிப்ரவரி 17, இரவு 10:26

போதும். ஆனால் திருப்பியவர்கள் பெரும்பாலும் ஓரத்தையும் கொஞ்சம் வெட்டி, வேகத்தையும் ஒன்றிரண்டு சதவீதம் ஏற்றிவைப்பார்கள். 60 விநாடிச் சோதனை மறுபடியும். அங்கே 0.96 உதவாது, அளந்த விநாடியை 60ஆல் வகுத்து வருவதுதான் பெருக்கம். 58.8 வந்தால் 0.98.

தட்டுப்பிரியன் · பிப்ரவரி 20, இரவு 9:15

நிறம். சில கோப்பில் எல்லாம் ரோஜாப்பூ. கறுப்புக் கோடுகூடக் கருஞ்சிவப்பு.

24ஃபிரேம் · பிப்ரவரி 21, காலை 7:30

அக்கால ஈஸ்ட்மன்கலர் பிரிண்டின் வயசு. மூன்று சாயத்தில் சயான் (நீலப்பச்சை) முதலில் வெளிறும், மிஞ்சுவது சிவப்பு. போன சாயம் போனதுதான், இருப்பதைச் சமன் செய்யலாம். கறுப்புக் கோடும் வெள்ளைப் பரப்பும் ஒன்றாக வரும் ஃபிரேமை எடுங்கள். டிரம் தோல் நல்லது. முதலில் கறுப்பில் மூன்று நிறத்தின் அளவும் ஒன்றாகும்வரை சிவப்பை இறக்கவும். பிறகு வெள்ளை. நடுத்தரம் கடைசியில். புல்லை வைத்து அளந்தால் தப்பு, அந்தக் கார்ட்டூனில் புல் எந்தப் பச்சை என்று யாருக்கும் தெரியாது. சயானை மட்டும் மொத்தமாக ஏற்றினால் வெளிச்சப் பகுதி பச்சையடித்துவிடும், நிழல் சிவப்பாகவே இருக்கும்.

ஒயர்மேன்: மேலதிகமா ஒண்ணு. விஎச்எஸ் டேப்புல நிறம் பெரும்பாலும் கோட்டுக்கு வலப்பக்கம் வழியும், ஒவ்வொரு நகலுக்கும் இன்னும் கொஞ்சம். உதட்டுச் சிவப்பு கன்னத்துல இருக்குன்னா நிறத் தளத்தை மட்டும் ரெண்டு மூணு புள்ளி இடது பக்கம் தள்ளுங்க. மொத்தப் படத்தையும் தள்ளிடாதீங்க.

24ஃபிரேம்: சரி. தூசி நீக்கும் தானியங்கி வடிகட்டியைப் போடுவதற்கு முன் ஒரு கணம் நில்லுங்கள். ஒரே ஃபிரேமில் தோன்றி மறையும் புள்ளியை அது தூசி என்று நினைக்கும். கார்ட்டூனில் கண் சிமிட்டல், நட்சத்திரம், தெறிக்கும் நீர்த்துளி எல்லாம் அப்படித்தான் தோன்றி மறையும். பீட்டில்ஸின் 'யெல்லோ சப்மரின்' கார்ட்டூன் திரைப்படத்தை 2012இல் 4கேயில் புதுப்பித்தபோது இதற்காகவே தானியங்கியைத் தவிர்த்து ஃபிரேம் ஃபிரேமாகக் கையால் துடைத்தார்கள்.

தட்டுப்பிரியன் · பிப்ரவரி 21, இரவு 8:40

அந்தப் படம் இதே கூட்டத்தின் வேலைதானே? ஏன் இரண்டும் மலைக்கும் மடுவுக்கும்?

மசிக்கோடு · பிப்ரவரி 22, காலை 12:10

கூட்டம் பாதிதான் ஒன்று. தயாரிப்பு பிரோடாக்ஸ், லண்டன் டிவிசி ஸ்டூடியோ, அதன் ஜார்ஜ் டன்னிங்; இவ்வளவுதான் பொது. தொடருக்கு உருவம் வரைந்தவர் பீட்டர் சாண்டர், படத்துக்கு ஹைன்ஸ் எடல்மான். நால்வரின் குரல்களும் வேறு ஆட்கள். தொடரின் வேலையில் பெரும்பங்கு லண்டனிலும் சிட்னியின் ஆர்ட்ரான்சா ஸ்டூடியோவிலுமாகப் பிரிந்து நடந்தது. ஒரே உருவ மாதிரித் தாளை வைத்துக்கொண்டு இரண்டு ஊரில் வரைந்தால் மூக்கு இரண்டு விதமாகத்தான் வரும். மாதிரித் தாளில் ஒவ்வொருவரும் எப்படி நிற்பார், பேசும்போது எங்கே பார்ப்பார் என்பதுவரை குறிப்பு உண்டு. ஜார்ஜ் எதிரில் பேசுகிறவரை நேராகப் பார்க்கமாட்டார் என்பது அதில் ஒன்று. குரலை மூடிவிட்டுப் பார்த்தாலும் யார் யார் என்று தெரிவது அதனால்தான். தொடரில் எனக்குப் பிடித்ததே அது.

24ஃபிரேம் · பிப்ரவரி 22, காலை 9:00

ஒரு திருத்தம் எனக்கு நானே. மேலே தொடரை ஒரே மூட்டையாகப் பேசிவிட்டேன். மொத்தம் 39 வாரம், வாரத்துக்கு இரண்டு கதை, ஆக 78. முதல் சுற்றில் 26, அடுத்து 7, கடைசி 1967இல் 6. தொடக்க இசையும் மாறும். மூன்றாம் சுற்றில் 'அண்ட் யுவர் பேர்ட் கேன் சிங்'. கோப்பில் தேதி இல்லாவிட்டால் தொடக்க இசையை வைத்துச் சுற்றைப் பிரிக்கலாம். ஆனால் டேப்பில் பிடித்தவர் தொடக்கத்தை வெட்டி வேறொன்றிலிருந்து ஒட்டியிருந்தால் ஏமாறுவீர்கள். கதையின் பெயர்தான் உறுதி: அது பாட்டின் பெயராகவே இருக்கும், 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்', 'பென்னி லேன்' வந்தால் 1967.

ஒயர்மேன் · பிப்ரவரி 22, காலை 9:30

அந்த 1967 சுற்றுலதான் இந்தியாவுக்குப் போயி ஒரு சாமியார்கிட்ட பாடம் கேக்கிறாங்க. நிஜமா ரிஷிகேஷ் போனது 1968 பிப்ரவரி. கார்ட்டூன் முந்திக்கிச்சு.

சும்மா கேக்கிறேன், ஜாக்சன் 5 பாட்டுக்குழுவுக்கும் இதே மாதிரி ஒண்ணு வந்துச்சே?

24ஃபிரேம் · பிப்ரவரி 22, பிற்பகல் 2:15

1971, அதே ஏபிசி, தயாரிப்பு ராங்கின்-பாஸ், 23 வாரம். அங்கேயும் பாட்டு அவர்களுடையது, பேச்சு நடிகர்களுடையது. அது முறையாக டிவிடியில் வந்துவிட்டது, அதனால் இப்படிக் கணக்குப் போடவேண்டிய தலையெழுத்து அதற்கு இல்லை. தனி இழை தொடங்குங்கள், இங்கே வேண்டாம்.

தட்டுப்பிரியன் · பிப்ரவரி 26, இரவு 10:50

பிடிபடாத அந்த ஒன்று. முதல் கதையில் 60 விநாடித் துண்டு 57.6. இரண்டாவது கதையில் சரியாக 60. ஒரே கோப்பு.

ஒயர்மேன் · பிப்ரவரி 26, இரவு 11:02

ரெண்டு டேப்பை ஒட்டினது. நடுவுல கறுப்பு வரும், அங்க பாருங்க.

தட்டுப்பிரியன் · பிப்ரவரி 26, இரவு 11:25

ஆமாம். கறுப்பு ஏழு ஃபிரேம். நான்காவதுக்குப் பிறகு கறுப்பின் சாயமே மாறுகிறது, முன்னே சிவந்த கறுப்பு, பின்னே சாம்பல் கறுப்பு. அங்கே வெட்டி முன்பாதிக்கு மட்டும் 0.96 போட்டேன். பின்பாதியில் ரிங்கோ கை வீசும்போது இரண்டு கை. அதை அப்படியே விட்டுவிட்டேன்.